தேர் நாளில் சகாயம்மாள்

ஆரணியில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் மிக்கேல்புரம். வீடு முடிந்து வயல் தொடங்குகிறதா, வயல் முடிந்து வீடு தொடங்குகிறதா என்று சொல்ல முடியாத இடம். மூன்று தெரு, நடுவில் ஒரு கோயில். கோயில் மிக்கேல் சம்மனசுக்கு உரியது. வாளை ஓங்கியபடி, காலடியில் பசாசை மிதித்துக்கொண்டு நிற்கிற வானதூதர். செப்டம்பர் மாதக் கடைசியில் அவருக்குத் திருநாள். கொடியேற்றி ஒன்பது நாள் நவநாள் செபம், அப்புறம் தேர்.

எங்கள் ஊர்க்காரர்கள் தேர் என்றுதான் சொல்வார்கள். உண்மையில் அது தோளில் தூக்குகிற சப்பரம். உயரமான மூங்கில் கட்டு, அதன் மேல் தகடு அடித்த வளைவு, அதற்குள் சம்மனசு. தெருவில் குறுக்கே ஓடுகிற மின்சாரக் கம்பிகளுக்கும் சம்மனசின் வாளுக்கும் எப்போதும் தகராறுதான். அதற்காகத் தேருக்கு முன்னால் ஒரு ஆள் நீளமான கழியோடு நடப்பான். கம்பி வந்ததும் கழி நுனிக் கொக்கியால் அதை மேலே தூக்கிப் பிடித்துக்கொள்வான். தேர் அடியில் நுழைந்து போனதும் கம்பியை இறக்கி விட்டுவிட்டு, அடுத்த கம்பிக்கு ஓடுவான். இந்த வேலையைச் செய்தவன் சாலமோன். பட்டு நெசவுக்காரன். மூன்று தெருவிலும் அவன் உயரத்துக்கு ஆள் கிடையாது.

சகாயம்மாள் சாலமோனின் மனைவி. போளூர்க்காரி. கல்யாணமாகி வந்த புதிதிலேயே, இவள் ஒரு இடத்தில் உட்கார மாட்டாள் என்று தெருவுக்கே தெரிந்துபோயிற்று. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டே சாப்பிடுவாள். தறியில் மட்டும்தான் ஒரே இடத்தில் இருப்பாள். அங்கேயும் கால் மிதித்துக்கொண்டே இருக்கும்.

சாலமோன் நல்லவன்தான். குடிதான் கெடுத்தது. மதுவிலக்கு இருந்த காலம் அது. ஏரிக்கரைப் பக்கம் லாரி ட்யூபில் சாராயம் வரும். ஒவ்வொரு வருஷமும் ஈஸ்டருக்கு முந்தைய தவசு காலத்தில் குடியை விடுவான், பாஸ்கா முடிந்ததும் தொடுவான். ஆனால் ஒன்று, கொடி ஏறிய நாளிலிருந்து கொடி இறங்குகிற நாள் வரைக்கும் அவன் தொட்டதில்லை. ‘தொட்டதில்லை’ என்று சகாயம்மாள் நம்பினாள்.

எழுபத்தேழாம் வருஷத் திருநாளன்று மத்தியானம் புருஷனுக்கும் பெண்சாதிக்கும் சண்டை வந்தது. அவனுக்கு வலது தோள்பட்டையில் வலி. கையைத் தலைக்கு மேல் தூக்கினால் பல்லைக் கடித்துக்கொள்வான். காலையிலிருந்து தூறல் வேறு.

“இந்த வருசம் வேற யாருனா புடிக்கட்டும். கையி வராதத வச்சிகினு இன்னாத்துக்குப் போற?” என்றாள்.

“வேற யாரு கீறா? யாருக்கு எட்டும்?”

“எட்டாட்டி ஏணி போட்டுக்கட்டும். ஊருக்கு நீ ஒருத்தன்தான் ஆம்பளையா?”

“ஒன்பது நாளு செபம் பண்ணிட்டு, பத்தாம் நாளு வூட்ல படுத்துக்கச் சொல்றியா?”

“போ. போயி அந்தக் கழியையே கட்டிகினு அழு.”

சாலமோன் சோற்றில் கை வைத்திருந்தான். தட்டை அப்படியே தள்ளிவிட்டு எழுந்து போனான். மகள் சாரா வாசலில் நின்று, “நைனா, துன்னுட்டுப் போ” என்று கத்தினாள். அவன் திரும்பவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தேர் கிளம்பியது. பேண்டு வாத்தியம் முன்னால் போக, அதற்குப் பின்னால் சாலமோன் கழியோடு, அவனுக்குப் பின்னால் தேர். சகாயம்மாள் கடைசியில் பெண்கள் கூட்டத்தில் மெழுகுவர்த்தியோடு நடந்தாள். தூறல் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. வழக்கம்போலத் தெருவில் மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். தேரில் தொங்கிய பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் மட்டும் சுவர்களில் ஏறி இறங்கியது. மக்கள் தேர் மேல் உப்பும் மிளகும் வீசினார்கள்.

மேலத்தெரு முனையில் தேர் திரும்புகிற நேரம். திடீரென்று தெருவெல்லாம் விளக்கு எரிந்தது. ராயப்பன் வீட்டு மாடியில் கட்டியிருந்த சீரியல் செட் சிவப்பும் பச்சையுமாக ஓட ஆரம்பித்தது. கூட்டத்தில் பாதிப் பேர் கை தட்டினார்கள். அதே நேரம் முன்னால் யாரோ அலறினார்கள். பேண்டு நின்றது.

சகாயம்மாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்ச் சேர்ந்தபோது சாலமோன் தரையில் கிடந்தான். நனைந்த கழி பக்கத்தில் கிடந்தது. யாரோ அவன் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். தேர் தூக்குகிறவர்கள் தோளில் சுமையோடு அசையாமல் நின்றிருந்தார்கள். கீழே வைக்கவா, தூக்கிக்கொண்டே நிற்கவா என்று அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை.

கம்பியில் வந்த மின்சாரம் நனைந்த கழி வழியாக இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

ராயப்பன்தான் எல்லாவற்றையும் முன்னின்று பார்த்தார். அவர் பட்டு முதலாளி. மிக்கேல்புரத்தில் பாதித் தறிகளுக்குப் பாவு நூலும் ஊடை நூலும் அவரிடமிருந்துதான் வரும். திருவிழாக் கமிட்டித் தலைவரும் அவர்தான். போலீஸ், கேஸ் என்று இழுக்காமல், உடம்பை அறுக்காமல் வாங்கிக் கொடுத்தார். சகாயம்மாள் அன்றைக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

மறுநாள் அடக்கம். அதற்கு மறுநாள் கொடியிறக்கம். சகாயம்மாள் வீட்டில் மூலையில் கிடந்தாள். கோபுரத்தில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கி வழியாகப் பூசையின் குரல் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. அப்போதிருந்த சாமியார் வயதானவர், கண்டிப்பானவர். பிரசங்கத்தில் சொன்னார்:

“சம்மனசுக்கு முன்னால நடக்கிறவன் சுத்தமா நடக்கணும். திருநாளன்னிக்கும் குடிய விட முடியாதவங்களுக்கு என்ன நேரும்ங்கிறத நம்ம கண்ணாலயே பார்த்துட்டோம்.”

சகாயம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டுப் பொன்னியம்மாள் கதவைச் சாத்தினாள். சாத்தி என்ன? ஆற்றுக்கு அந்தக் கரை வரைக்கும் கேட்கிற ஒலிபெருக்கி அது.

தேர் நடுவே கரண்ட் எப்படி வந்தது என்று ஊரில் யாரும் கேட்கவில்லை; குடித்தவன் தடுமாறினான் என்பதே அவர்களுக்குப் போதுமாக இருந்தது. அவளைத் தின்றது அந்தப் பிரசங்கம் மட்டுமல்ல. சாமியார் பொய் சொல்கிறார் என்று அவளால் அடித்துச் சொல்ல முடியவில்லை. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தவன் எங்கே போனான்? மத்தியானத்திலிருந்து விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் எங்கே இருந்தான்? கோபத்தில் ஏரிக்கரைக்குப் போயிருப்பானா? போயிருந்தால் அனுப்பியது யார்? உடம்பை அறுத்திருந்தால் தெரிந்திருக்குமே. அறுக்காமல் வாங்கியதற்கா கும்பிட்டோம்?

கேட்க ஆரம்பித்தாள். முதலில் தேர் தூக்கினவர்களை.

“கழி புடிச்சிகினு இருக்கசொல்ல நீ பக்கத்துலதான இருந்த? வாயில வாசன வந்துச்சா?”

ஒருவன் இல்லை என்றான். இன்னொருவன், “வந்தாப்பலயும் இருந்துச்சி, வராதாப்பலயும் இருந்துச்சி அண்ணி” என்றான். வேறொருவன், “அத்தன மல்லிப்பூவு, சாம்பிராணி, பெட்ரோமாக்ஸ் பொகை. அதுல இன்னா வாசன தெரியும்?” என்றான். ஒரு வயசானவர் மட்டும் சொன்னார்: “ஷாக்கு அடிச்சும் அவன் கழிய ஓரமாத் தள்ளிகினுதான் உழுந்தான். அப்பிடியே உட்டிருந்தான்னா ஒயரு தகட்டு மேல உழுந்திருக்கும். தூக்கின எல்லாரும் போயிருப்போம். அதப் பேசுங்க.”

“அத உடுங்க மாமா. குடிச்சிருந்தாரா, அதச் சொல்லுங்க.”

அவருக்குத் தெரியவில்லை.

ராயப்பனிடமும் கேட்டாள். பாவு வாங்கப் போன இடத்தில், மற்றவர்கள் நகரட்டும் என்று காத்திருந்து கேட்டாள்.

“குடிச்சிருந்தாருன்னு சாமியாருக்கு யாரு சொன்னதுண்ணா?”

ராயப்பன் நூல் கட்டை எடுத்து விளக்கில் பார்த்துக்கொண்டிருந்தார். “நடந்தது நடந்துபோச்சிம்மா. போனவன் வரப்போறதில்ல. பொண்ணப் படிக்க வையி. உனக்குத் தறியில வேல இல்லாம நான் உட மாட்டேன்.”

சொன்னபடி செய்தார். மழைக்காலத்தில் மற்றத் தறிகள் சும்மா நின்றாலும் சகாயம்மாளுக்குப் பாவு வந்துவிடும். ஊரில் எல்லோரும் அவர் மனசைப் புகழ்ந்தார்கள். சகாயம்மாள் மட்டும் அந்தப் பாவைத் தறியில் ஏற்றும்போது ஏனென்று தெரியாமல் பாதியில் எழுந்து வாசலுக்குப் போய் வருவாள்.

ஒவ்வொரு வருஷமும் கொடியேறினால் அவளுக்கு வீட்டில் கால் தங்காது. செபமாலைக்குப் போவாள், பாதியில் எழுந்துவிடுவாள். கோயிலைச் சுற்றி நடப்பாள். பந்தல் போடுகிறவர்கள், தோரணம் கட்டுகிறவர்கள், பேண்டுக்காரர்கள், வளையல் கடைக்காரர்கள் என்று யாரையும் விட மாட்டாள். ‘வாசன வந்துச்சா’ என்ற அவள் கேள்வி தெருவில் கேலிப்பேச்சாகிவிட்டது. அவள் வருவதைப் பார்த்தாலே ஆட்கள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

“போதும்மா. ஸ்கூல்ல பசங்க என்னக் கேக்கறாங்க. பேஜாரா கீது” என்று சாரா அழுதாள்.

“உங்க நைனாவக் குடிகாரன்னு ஊரே கேக்கறாப்பல மைக்ல சொன்னாங்களே, அது உனக்குப் பேஜாரா இல்லியா?”

“நிஜமாவே குடிச்சிருந்தா?”

சகாயம்மாள் மகளை அடிக்கக் கையை ஓங்கினாள். அடிக்கவில்லை. அந்தக் கேள்வி அவளுடையதுதானே.

பழைய சாமியார் மாற்றலாகிப் போனார். புதிதாக அருளப்பன் என்று இளம் வயது ஃபாதர் வந்தார். சைக்கிளில் வீடு வீடாகப் போய் ஜனங்களோடு பேசுகிறவர். சகாயம்மாள் அவர் சைக்கிளை நிறுத்திவிட்டாள்.

“ஃபாதர், அன்னிக்கு மைக்ல சொன்னத மைக்லயே இல்லன்னு சொல்லணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.”

அருளப்பன் முழுவதையும் நின்று கேட்டார். “நான் அப்ப இங்க இல்லையேம்மா. எதை வச்சு நான் சொல்றது? உங்களுக்கே நிச்சயமாத் தெரியலன்னு சொல்றீங்க. கூட இருந்தவங்க யாராவது வந்து சொன்னா, மைக்க நானே கையில குடுக்கறேன்.”

எண்பதாம் வருஷத் திருநாள். மத்தியான வேளையில் கோயில் கொட்டகையில் தேரை ஜோடித்துக்கொண்டிருந்தார்கள். சகாயம்மாள் வழக்கம்போல அங்கே சுற்றிக்கொண்டிருந்தாள். தேர் தூக்குகிற சின்னதுரை மூங்கிலைக் கட்டிக்கொண்டே பக்கத்து ஆளிடம் எதற்கோ சொன்னான்:

“இந்த மூலையிலதான் அன்னிக்கி சாலமோன் அண்ணனும் அந்த லைன்மேன் பச்சையப்பனும் உக்காந்து ஒரே கேரியர்ல சோறு துன்னுகினு இருந்தாங்க. சாயந்தரம் வரைக்கும் இங்கதான்.”

சகாயம்மாள் அப்படியே நின்றாள்.

“என்னிக்கி?”

சின்னதுரை திரும்பிப் பார்த்து, “அன்னிக்கித்தான் அண்ணி. அவரு செத்த அன்னிக்கி” என்றான்.

“அடப்பாவி. இத்தன வருசமா எங்கிட்ட ஏன்டா சொல்லல?”

“நீ கேட்டது வாசன வந்துச்சான்னு. எங்க இருந்தாருன்னு நீ கேக்கவே இல்லியே!”

பச்சையப்பன் மின்சார லைன்மேன். கோயிலைச் சேர்ந்தவனல்ல. தேர் ஊர்வலத்தில் நடந்தவனும் அல்ல. தேர் கிளம்பினால் டிரான்ஸ்ஃபார்மரில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு அங்கேயே நிற்பது அவன் வேலை. அதனால் அவனைக் கேட்க வேண்டும் என்று சகாயம்மாளுக்குத் தோன்றவே இல்லை. விசாரித்தால், சாவு நடந்த சில மாதத்திலேயே அவன் கேட்டு வாங்கிக்கொண்டு தேசூருக்கு மாற்றலாகிப் போய்விட்டான் என்றார்கள்.

திருநாள் முடிந்த வாரமே பஸ் ஏறினாள். வந்தவாசியில் இறங்கி வேறு பஸ் மாறி தேசூர் போய்ச் சேர்ந்தாள். பச்சையப்பன் வீட்டில் அவன் மனைவி ரங்கம்மாள், “வேலையாப் போயிருக்காரு, எங்கன்னு தெரியாது” என்று சொல்லிவிட்டுக் கதவோரமே நின்றாள். சகாயம்மாள் தெருத் தெருவாக நடந்தாள். ஊர்க்கோடியில், ஏரிக்குப் போகிற சாலையில், ஒரு கம்பத்தின் உச்சியில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ஒரு ஆள் வேலை செய்துகொண்டிருந்தான். கம்பத்தடியில் சைக்கிள்.

சகாயம்மாள் போய்க் கம்பத்துக்குக் கீழே நின்றாள். மேலே இருந்தவன் குனிந்து பார்த்தான். பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். முடுக்கிய திருகையே திரும்பவும் முடுக்கினான். வெயில் ஏறியது. அவள் நகரவில்லை. கம்பத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். அவனும் இறங்கவில்லை. மாடு ஓட்டிக்கொண்டு போன ஒருத்தி, “யாரும்மா நீ, இன்னா வேணும்?” என்று கேட்டாள். சகாயம்மாள் மேலே கையைக் காட்டினாள்.

கடைசியில் அவன் இறங்கி வந்தான். சட்டை முழுக்க வேர்வை.

“என்னத் தெரியுதா?”

“தெரியுதும்மா. சாலமோன் சம்சாரம்.”

“அன்னிக்கு மத்தியானம் உங்ககூடதான் இருந்தாரா?”

“ஆமா.”

“குடிச்சிருந்தாரா?”

“அய்யோ, இல்லம்மா.” பச்சையப்பன் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தான். “பசியா வந்தாரு. வூட்ல சண்டன்னாரு. என் கேரியர்ல மோர்ச்சோறும் ஊறுகாயும் இருந்துச்சி. ரெண்டு பேரும் துன்னோம். ‘அவ சொல்றதும் சரிதான்பா, தோளு ஒத்துக்கல. அடுத்த வருசம் வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிடணும்’னாரு. அப்பால புடி வழுக்காம இருக்க கழிக்கு சைக்கிள் ட்யூபு சுத்தினோம். தேரு கிளம்பற வரைக்கும் என் கண்ணு முன்னாலதான் இருந்தாரு.”

சகாயம்மாள் சாலையோரப் புல்லில் உட்கார்ந்தாள். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. சாப்பிட்டிருக்கிறான். சோறு தின்றுவிட்டுத்தான் போயிருக்கிறான்.

பச்சையப்பன் போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் சைக்கிளைப் பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு அவனாகவே சொன்னான்.

“இன்னொண்ணு கீதும்மா. அத யாருகிட்டயும் சொன்னதில்ல. அன்னிக்கு தேரு திரும்ப கோயிலுக்கு வர்ற வரைக்கும் நான் கரண்ட் போடக் கூடாது. ராயப்பன் வந்தாரு. வேலூர்லேர்ந்து அவரு சம்பந்தி வந்திருந்தாங்க. மாடியில சீரியல் செட்டு போட்டு வச்சிருந்தாரு. ‘தேரு ஒயரெல்லாம் தாண்டிடுச்சி பச்சையப்பா, என் வூட்டாண்ட வந்துகினு கீது, ஜல்தியா போடு’ன்னாரு. நான் போயிப் பாத்திருக்கணும். பாக்கல. போட்டேன். மொனையில ஒரு ஒயரு பாக்கி இருந்துச்சி.”

தெருவெல்லாம் விளக்கு எரிந்ததும், பாதிக் கூட்டம் கை தட்டியதும் சகாயம்மாளுக்கு நினைவு வந்தது. அவளும் ஒரு கணம் அந்தச் சிவப்பு பச்சையைப் பார்த்து நின்றிருந்தாள்.

“வந்து சொல்லுங்க” என்றாள்.

“வேல போயிடும்மா. மூணு பசங்க.”

“கரண்ட் கதைய நீங்க சொல்லுங்க, சொல்லாம போங்க. அது உங்க பாடு. குடிக்கலன்னு மட்டும் வந்து சொல்லுங்க.”

“ஒண்ணச் சொன்னா இன்னொண்ணயும் சொல்லணும்மா. இத்தன நாளு ஏன் வாயத் தொறக்கலன்னு கேப்பாங்க இல்ல?”

அவள் பஸ்ஸுக்கு நடந்தாள்.

உண்மை தெரிந்தால் மனசு அடங்கும் என்று நினைத்திருந்தாள். அடங்கவில்லை. முன்பு சந்தேகம் துரத்தியது. இப்போது, தெரிந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது துரத்தியது. ராயப்பன் வீட்டுப் பாவுதான் தறியில் ஓடிக்கொண்டிருந்தது. மிதிக்கும்போதெல்லாம் அவர் முகம் வந்தது. நெசவில் தப்பு விழுந்தது. அவள் தறியில் தப்பு விழுந்து யாரும் பார்த்ததில்லை.

அருளப்பனிடம் சொன்னாள். “நான் சொன்ன சொல்லு சொல்லுதாம்மா. அவர் வரட்டும். மைக் தர்றேன்” என்றார். அதற்கு மேல் அவராலும் எதுவும் முடியவில்லை. சகாயம்மாள் மறுபடி தேசூருக்குப் போகவில்லை. கெஞ்சி அழைத்து வந்த சாட்சி என்று நாளைக்கு ஒருவரும் சொல்லக் கூடாது என்றாள் சாராவிடம்.

அடுத்த வருஷத் திருநாள் வந்தது. மழை இல்லை. பூசை முடிந்து, தேர் கிளம்பத் தயாராகக் கொட்டகைக்கு வெளியே நின்றது. மேடையில் அருளப்பன் தேரை மந்திரித்து ஆசீர்வதிக்க நின்றிருந்தார். முன்வரிசை நாற்காலியில் ராயப்பன், பட்டு வேட்டி, தோளில் கமிட்டியார் போர்த்திய சால்வை. சகாயம்மாள் கூட்டத்தின் கடைசியில், உப்பு மிளகு விற்கிறவள் பக்கத்தில் நின்றிருந்தாள். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டே இருந்தாள்.

அப்போது வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஆள் மேடையேறி அருளப்பனிடம் ஏதோ சொன்னார். அருளப்பன் கூட்டத்தில் சகாயம்மாளைத் தேடிப் பார்த்தார். பிறகு மைக்கை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“எல்லாருக்கும் வணக்கம். நான் முன்ன இங்க லைன்மேனா இருந்த பச்சையப்பன்.”

“கரண்ட் எப்பப்பா நிறுத்தப் போற?” என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். மின்சார அறிவிப்பு என்றுதான் நினைத்தார்கள்.

“சாலமோன் அன்னிக்குக் குடிக்கல” என்றான் பச்சையப்பன். ஒலிபெருக்கியில் அவன் குரல் கரகரத்தது. “மத்தியானத்துலேர்ந்து என்கூடதான் இருந்தாரு. என் சோத்ததான் துன்னாரு. ஒரு சொட்டு குடிக்கல. அவரு சாவுக்குக் காரணம் கரண்டு. கரண்டப் போட்டது நானு. தேரு தாண்டிடுச்சி, போடுன்னு ராயப்பன் அய்யா சொன்னாரு. நான் பாக்காம போட்டுட்டேன். ஒயரு தாண்டல. இத நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். கம்பத்துல ஏறினா கையி நடுங்குது. அவ்வளவுதான்.”

அறிவிப்பு முடிந்தது என்று நினைத்த பேண்டுக்காரர்கள் வாசிக்க ஆரம்பித்தார்கள். அவர்கள் வெளியூர்க்காரர்கள், பாதி கேட்கவே இல்லை. சின்னதுரை ஓடிப் போய் டிரம் அடிக்கிறவன் கையைப் பிடித்து நிறுத்தினான்.

ராயப்பன் எழுந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். மறுபடி உட்கார்ந்தார். பிறகு சால்வையை எடுத்து நாற்காலியில் வைத்துவிட்டு, கூட்டத்துக்கு நடுவே வீட்டைப் பார்த்து நடந்தார். ஜனங்கள் வழி விட்டார்கள்.

அருளப்பன் மைக்கை வாங்கினார். “இந்தக் கோயில் பங்குல, இந்த மைக்ல, இறந்துபோன ஒரு மனுஷன்மேல தப்பாச் சொல்லப்பட்டது. அதுக்காகப் பங்கு சார்பா அவர் குடும்பத்துகிட்ட நான் மன்னிப்புக் கேக்கறேன்” என்றார்.

சகாயம்மாள் அழவில்லை. பக்கத்திலிருந்த உப்பு மிளகுக்காரியின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“கேட்டுச்சா? நல்லாக் கேட்டுச்சா? குடிக்கலன்னு சொன்னாரே, அது கேட்டுச்சா?”

“கேட்டுச்சும்மா, கேட்டுச்சி” என்றாள் அவள் பயந்துபோய்.

“ஆத்துக்கு அந்தாண்ட கேட்டிருக்குமா?”

அன்றைக்குத் தேர் நின்றுவிடும் என்றுதான் பலர் நினைத்தார்கள். அருளப்பன் நிறுத்தவில்லை. பச்சையப்பன் போய், அங்கே வேலையிலிருந்த லைன்மேனோடு டிரான்ஸ்ஃபார்மரடியில் நின்றுகொண்டான். தேர் மூன்று தெருவும் சுற்றிக் கோயில் வாசலில் இறங்குகிற வரைக்கும் நகரவில்லை. ராயப்பன் வீட்டு மாடி இருட்டாக இருந்தது.

பச்சையப்பனுக்கு விசாரணை வந்தது. வேலை போகவில்லை. தூரத்து ஊருக்கு மாற்றினார்கள், பிறகு ஏணி ஏறாத வேலை கொடுத்தார்கள் என்று கேள்வி.

ராயப்பன் ஒரு நாள் விடியற்காலையில் சகாயம்மாள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. அவளும் வாங்க என்று சொல்லவில்லை.

“நான் அவன் சாவணும்னு சொல்லலம்மா. ஒயரு தாண்டிடுச்சின்னுதான் நெனச்சேன்.”

“தெரியும்ணா. குடிச்சாருன்னு சாமியாருக்குச் சொன்னது யாரு?”

ராயப்பன் கீழே பார்த்தார். “எப்பிடி ஆச்சின்னு கேட்டாரு. வாயில வந்துடுச்சி. அப்பால திருப்பி எடுக்க முடியல.”

“நீங்க வாயில வந்தத ஒருதரம் சொன்னீங்க. நான் அத இத்தன வருசம் கேட்டுகினு நடந்தேன்.”

“மன்னிச்சிடும்மா.”

“போங்கண்ணா. தறியில உங்க பாவு பாதி கீது. முடிச்சிக் குடுத்துடறேன். அப்பால எனக்கு அனுப்பாதீங்க.”

சேலையை முடித்து, ஒரு தப்பும் இல்லாமல், மடித்து சின்னதுரை கையில் கொடுத்தனுப்பினாள். டவுனில் வேறொரு முதலாளியிடம் பாவு வாங்க ஆரம்பித்தாள். அவரிடம் பாவு ஒழுங்காக வராது. மழைக்காலத்தில் தறி சும்மா கிடக்கும். அந்த நாட்களில் பக்கத்துத் தறிகளுக்கு ஊடை நூலைத் தாராகச் சுற்றித் தரப் போவாள்.

அதற்கடுத்த திருநாளுக்கு சாரா ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியிலிருந்து லீவில் வந்திருந்தாள். அம்மாவைப் புதுச் சேலை கட்ட வைத்து அழைத்துப் போனாள். தெருப் பெண்கள் பாயில் இடம் விட்டுக் கூப்பிட்டார்கள். பொன்னியம்மாள், “வா, இப்பிடி உக்காரு” என்று கையைப் பிடித்தாள். சகாயம்மாள் உட்கார்ந்தாள். செபமாலை ஒரு சுற்று ஓடியது. எழுந்துவிட்டாள். கொட்டகைப் பக்கம் போனாள், அங்கே யாரிடமும் கேட்க ஒன்றும் இல்லை. வளையல் கடைப் பக்கம் போனாள். கடைக்காரன் பழைய பழக்கத்தில் முகத்தைத் திருப்பினான். கோயிலை ஒரு சுற்று சுற்றி வந்து, எங்கே நிற்பது என்று தெரியாமல் கொடிமரத்தடியில் நின்றாள்.

சாரா தேடிக்கொண்டு வந்தாள்.

“இன்னாம்மா, இன்னும் யாரத் தேடற?”

“தெரியலயே.”

“எல்லாம்தான் முடிஞ்சிப்போச்சே.”

“முடிஞ்சிடுச்சி” என்றாள் சகாயம்மாள். சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டாள். வாத்தியம் கிளம்பியிருந்தது. தேர் தோளுக்கு ஏறி, கூட்டத்துக்கு மேலே ஆடிக்கொண்டு மேலத்தெருவுக்குத் திரும்பியது.

“நட. தேரு போயிடப் போவுது.”